ஒரு ஃபிரெட் கீழே

என் வலது காது போன நேரத்தில் நான் என் வீட்டுக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன். தண்ணீர் மோட்டாரை நிறுத்தச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போயிருந்தேன். தலைக்குக் குளித்துவிட்டு வந்து பார்த்தால் மாடித் தொட்டி நிரம்பி வழிந்து தண்ணீர் தெருவில் ஓடுகிறது. இவரானால் வாசலில் நின்று பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். "சொன்னது விழலையா, இல்ல விழுந்தும் விழாத மாதிரி நிக்கீங்களா?" என்று தொண்டை கிழியக் கேட்டேன். அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். தலையை ஆட்டினார். மோட்டாரை நிறுத்தப் போனார். எங்கள் வீட்டுச் சண்டை எல்லாமே இப்படித்தான். நான் போடுவேன், அவர் தலையாட்டுவார்.

அந்த நேரத்தில்தான் வலது பக்கம் ஈரத்துணியை வைத்துப் பொத்தியது போல அடைத்தது. உள்ளே ஙொய் என்று ஓர் இரைச்சல் ஆரம்பித்தது.

எங்கள் வீட்டுக்கும் தறிக்கூடத்துக்கும் ஒரே சுவர். சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் பாதி வீடுகள் இப்படித்தான். விசைத்தறிச் சத்தம் விடிந்ததில் இருந்து கேட்டுக்கொண்டே இருப்பதால் அதை யாரும் சத்தமென்றே நினைப்பதில்லை. அன்று அது இடது பக்கம் மட்டும் கேட்டது. திரும்பி நின்று பார்த்தேன். அப்போதும் இடது பக்கம்தான்.

குளித்த தண்ணீர் புகுந்திருக்கும் என்று தலையைச் சாய்த்து ஒற்றைக் காலில் குதித்தேன். பூண்டு தட்டிப் போட்டு நல்லெண்ணெயைச் சூடாக்கி விட்டேன். பஞ்சை அடைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். நான் கணக்கு டீச்சர். போர்டில் எழுதிக்கொண்டே பின்னால் யார் பேசினாலும் திரும்பாமல் பெயர் சொல்லி எழுப்புவேன். முதுகிலும் காது இருக்கிறது என்று பிள்ளைகள் சொல்லும். அன்று பேசியவர்கள் வலது பக்கத்துப் பெஞ்சில் இருந்தார்கள். நான் இடது பக்கத்துப் பெஞ்சை மொத்தமாக எழுப்பி நிற்க வைத்துவிட்டேன். பிள்ளைகள் திருதிருவென்று விழித்தன. ஒன்றுகூடச் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

திருநெல்வேலிக்குப் போய்க் காது டாக்டரைப் பார்ப்பதற்குள் சில நாட்கள் ஓடிவிட்டன. கண்ணாடிக் கூண்டு மாதிரி ஓர் அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்ஃபோனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். இடது காதுக்கு அழுத்திக்கொண்டே இருந்தேன். வலது காதுக்கு வந்ததும் கட்டைவிரல் சும்மா இருந்தது.

"எண்ணெய் விட்டீங்களா?" என்றார் டாக்டர்.

"விட்டேன்."

"உடனே வந்திருக்கலாமே."

"காது அடைச்சதுக்கெல்லாம் திருநெல்வேலிக்கு பஸ் ஏறுவாங்களா?" என்று சீறினேன். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. எண்ணெயால் வந்ததில்லை, உள்ளே நரம்பு அடிபட்டிருக்கிறது, சிலருக்குக் காரணமே தெரியாமல் இப்படி ஒரே நாளில் போய்விடும் என்றார். மாத்திரை எழுதினார். சிலருக்குத் திரும்ப வரும், சிலருக்கு வராது, பொறுத்துத்தான் பார்க்கவேண்டும் என்றார். என் இடது கை விரல் நுனிகளில் காய்த்திருப்பதைப் பார்த்து, "என்ன வாசிப்பீங்க?" என்று கேட்டார். எங்கள் வேதக்கோயிலில் பாடகர் குழுவுக்குக் கிட்டார் வாசிப்பேன் என்றேன். "அப்படின்னா உங்களுக்குச் சீக்கிரமே தெரிஞ்சிரும். நல்லா இருக்க காதுல சின்ன மாற்றம் தெரிஞ்சாலும் உடனே வாங்க. சில பேருக்கு சுருதி இறங்கிக் கேட்கும். அப்படிக் கேட்டா ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீங்க" என்றார்.

அந்த ஒரு வார்த்தை போதும். போனது ஒரு காது. ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் நினைத்ததெல்லாம் மிச்சமிருந்த காதைப் பற்றித்தான். அதுவும் போய்விட்டால் வகுப்பு எப்படி எடுப்பது? ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஜெபம் முடிந்ததென்று தெரிந்து எப்போது ஆமென் சொல்வது? பக்கத்து சீட்டில் வீட்டுக்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்களுக்கென்ன, நீங்கபாட்டுக்கு இருக்கீங்க" என்றேன். பதில் இல்லை.

மாத்திரை என்னைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை. முகம் பூரி மாதிரி உப்பியது. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தேன். ஒரு காதோடு இருந்தால் சத்தம் எந்தத் திசையில் இருந்து வருகிறது என்று தெரியாது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஹாரன் கேட்டு ஒதுங்குகிறேன் என்று வண்டிக்கு நேராகவே போய் நின்றேன். பூக்கூடையோடு வந்த ஓர் அண்ணாச்சி பிரேக் அடித்து, "ஏம்மா, பொழுது விடிஞ்சதும் என் வண்டிதான் கிடைச்சிச்சா?" என்று கத்தினார். அவரையும் பதிலுக்குத் திட்டிவிட்டுத்தான் வந்தேன்.

கிட்டாரை எடுத்து பீரோவுக்கு மேலே வைத்துவிட்டேன். அதைத் தொடவே பயம். ஆனால் இடது காது சரியாக இருக்கிறதா என்று எப்படியாவது தெரிந்துகொள்ள வேண்டும். ஆளில்லாத நேரமெல்லாம் காதுப் பக்கத்தில் விரலைச் சொடுக்கிப் பார்ப்பேன். கைக்கடிகாரத்தை வைத்துப் பார்ப்பேன். அதெல்லாம் கேட்கிறதா இல்லையா என்று மட்டும்தான் சொல்லும். சுருதி இறங்கிவிட்டதா என்று சொல்லாது. அதற்கு, எனக்கு உயிர்மூச்சு மாதிரித் தெரிந்த ஏதாவது ஒன்று வேண்டும். அப்போதுதான் அந்த ஆல்பம் ஞாபகத்துக்கு வந்தது.

நான் பிளஸ் டூ எழுதியிருந்த கோடை விடுமுறையில், என் அண்ணன் கல்லூரியில் இருந்து ஒரு டூ இன் ஒன் செட்டோடு வந்தான். கூடப் படித்த கடையநல்லூர்க்காரருடையது. அவர் அத்தா என்று கூப்பிடுகிற அவருடைய அப்பா சவூதியில் இருந்தார். செட்டோடு ஒரு கேசட்டும் வந்தது. அட்டையில் முடியை இடுப்பு வரைக்கும் விட்ட ஒரு வெள்ளைக்காரன், சிவப்புக் கிட்டாரோடு தீக்குள் நிற்கிறான். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "ஆண்டவரே, இது என்ன பிசாசு?" என்று அட்டையை மட்டும் கழற்றி அடுப்பில் போட்டுவிட்டாள். கேசட் தப்பியது.

அதில் ஒரு பாட்டுக்கூடக் கிடையாது. வாயைத் திறந்து யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டிரம்ஸ், பேஸ், அதற்கு மேல் அந்த ஆளின் கிட்டார். அவ்வளவுதான். ஆனால் அந்தக் கிட்டார்! கொட்டும், ஊளையிடும், கெஞ்சும், குதிரை மாதிரிக் கனைக்கும். இத்தனை ஸ்வரத்தை ஒரு மனுஷன் ஒரு மூச்சில் எப்படி வாசிக்க முடியும் என்று அண்ணன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய் ரீவைண்ட் பண்ணுவான். தறியில் ஊடுநூலை இழுத்துக்கொண்டு நாடா போய்வருகிற வேகத்தில் அந்த ஆளின் விரல் போய்வந்தது. வலது கை விரலையும் இடது கைப் பக்கம் கொண்டுபோய்த் தந்தியைத் தட்டி வாசிக்கிறான் என்று கண்டுபிடிக்கவே எங்களுக்குப் பல நாள் ஆனது. சொல்லித்தர ஆள் இல்லை. பார்க்க வீடியோ இல்லை. எங்களிடம் இருந்தது கோயில் கிட்டார் ஒன்றுதான். அதையும் கோயில் ஆர்கனுக்குச் சரியாகச் சுருதி சேர்த்து வைத்திருப்போம். அதை மாற்றினால் பாடகர் குழுவில் கொன்றுபோடுவார்கள்.

எங்களுக்குள் வேலையைப் பிரித்துக்கொண்டோம். அண்ணனுக்குக் காது, எனக்குக் கை. அவன் கேட்டுக் கேட்டு ஸ்வரத்தைக் கண்டுபிடிப்பான். நான் வாசிப்பேன். கஷ்டமென்றால் அப்படியொரு கஷ்டம். கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கிற கம்பிகள்தான் ஃபிரெட்; எல்லாமே முதல் ஃபிரெட்டில் இருந்து ஆரம்பித்தது. முதல் விரலைக் கட்டை மாதிரி குறுக்கே அமுக்கிப் பிடித்துக்கொண்டு மிச்ச மூன்று விரலால் ஓடவேண்டும். மூன்றாவது உருப்படியின் முடிவில் ஓர் உச்சி ஸ்வரம் வரும். அதற்குக் கிட்டாரில் ஃபிரெட்டே கிடையாது. கடைசி ஃபிரெட்டில் தந்தியைப் பிடித்து மேலே தள்ளிக்கொண்டுபோய் அதை எட்ட வேண்டும். தந்தி அறுந்து என் கன்னத்தில் ஒருமுறை கோடு போட்டது. "விட்டுருட்டி, அவன் மனுஷனே இல்லை" என்று அண்ணன் சொன்னான். நான் விடவில்லை. பெட்டைப் பிள்ளைக்கு எதற்கு இந்த வேகம் என்று கோயிலில் யாரோ கேட்டிருந்தார்கள். அந்த ரோஷம்தான் பாதி வேலையைச் செய்தது. விடுமுறை முடிவதற்குள் முழு ஆல்பமும் எனக்கு வந்துவிட்டது. செட்டும் கேசட்டும் கடையநல்லூருக்குத் திரும்பிப் போயின. அதற்கப்புறம் நான் அதைக் கேட்கவே இல்லை. கிறிஸ்துமஸுக்கு அண்ணன் வீட்டில் கூடும்போதெல்லாம் வாசித்திருக்கிறேன். அவ்வளவுதான். தூக்கத்தில் எழுப்பி எந்த இடத்தைக் கேட்டாலும் கை தானாகப் போய் நிற்கும்.

ஆகவே ஒரு சனிக்கிழமை, வீட்டுக்காரர் தறிக்கூடத்தில் இருந்த நேரம், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஃபோனில் அந்த ஆல்பத்தைத் தேடினேன். உடனே வந்தது. அட்டையில் அதே தீ, அதே முடி. இயர்ஃபோனை இடது காதில் வைத்து மூன்றாவது உருப்படியை அழுத்தினேன்.

முதல் ஸ்வரத்திலேயே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இறங்கியிருந்தது. எனக்குத் தெரிந்த இடத்தில் அது இல்லை. ஒரு படி கீழே நின்றது. அது மட்டுமா, மெதுவாகவும் போனது. கொட்ட வேண்டிய இடத்தில் நிதானமாக, ஒவ்வொன்றாக எண்ணி வைப்பது போலப் போனது. நிறுத்தினேன். அடுத்த உருப்படியைப் போட்டேன். அதுவும் அப்படியே. கடைசி உருப்படி, அதுவும். உச்சி ஸ்வரம் வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். வந்தது, ஆனால் நான் தந்தியைத் தள்ளித் தள்ளி எட்டிய அந்த உயரத்துக்கு வரவில்லை.

டாக்டர் சொன்ன அதே வார்த்தை. சுருதி இறங்கிக் கேட்கும். சரி, சுருதி இறங்கியது காதால் என்று வைத்துக்கொள்வோம். வேகம் ஏன் குறைய வேண்டும்? மூளையிலும் கோளாறு வந்துவிட்டதா? கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தமும் ஒரு படி இறங்கியிருக்கிறதோ என்று காது கொடுத்தேன். தெரியவில்லை. ஏசப்பா, இந்த ஒரு காதையாவது விட்டுவையும் என்று வாய்விட்டே சொன்னேன்.

டாக்டர் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதே என்றுதான் சொல்லியிருந்தார். ஆனால் நான் திருநெல்வேலி பஸ்ஸில் ஏறவில்லை, சிவகிரி பஸ்ஸில் ஏறினேன். அண்ணனிடம் கேட்டு உறுதிபண்ணாமல் டாக்டர் வாயால் அதைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை. தறிக்கூடத்து வாசலில் நின்று, "அண்ணன் வீட்டுக்குப் போயிட்டு வாரேன்" என்றேன். வீட்டுக்காரர் கையை உயர்த்தினார். எதற்கு, என்ன என்று ஒரு கேள்வி இல்லை. கல்லோடு குடும்பம் நடத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

அண்ணன் சிவகிரியில் உரக்கடை வைத்திருக்கிறான். கல்லாவில் உட்கார்ந்திருந்தவன் என் உப்பிய முகத்தைப் பார்த்ததும் எழுந்தே விட்டான். நான் ஒன்றும் சொல்லாமல் இயர்ஃபோனை அவன் இரண்டு காதிலும் மாட்டினேன். "கேட்டுச் சொல்லு. சரியா இருக்கா?"

கேட்டான். கொஞ்ச நேரத்தில் அவன் முகம் செத்துப்போனது. நான் அதைப் பார்த்தேன். அவன் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு உர மூட்டையைப் பார்த்தான்.

"என்னண்ணே?"

"நல்லாத்தான் இருக்குட்டி."

"சுருதி?"

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. அப்படியேதான் இருக்கு."

அவ்வளவுதான், நான் உடைந்துபோனேன். உலகத்துக்கு எல்லாம் சரியாக இருக்கிறது, எனக்கு மட்டும் இறங்கிவிட்டது. மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, வாடிக்கையாளர் நிற்பதைக்கூடப் பார்க்காமல் ஓ என்று அழுதேன். அந்த ஆள் பூச்சிமருந்து வாங்காமலே போய்விட்டார்.

அண்ணன் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "ஏட்டி, அழாத. நான் பொய் சொன்னேன்."

"என்ன பொய்?"

"எனக்கும் இறங்கித்தான் கேக்குது. மெதுவாவும் இருக்கு. நம்ம வம்சத்துக்கே வந்துட்டு போல, எனக்கும் ரெண்டு காதும் போச்சுன்னு பயந்துட்டேன். உன்கிட்ட எப்படிச் சொல்லுதது?"

அழுகைக்கு நடுவில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் கோபம் வந்தது. "ஒரு ஆம்பளை பேசுத பேச்சா இது!" என்று அவன் முதுகில் ஒன்று வைத்தேன்.

கடைக்கு மேலேதான் வீடு. அண்ணன் தன் கிட்டாரை எடுத்து வந்தான். அதைச் சுருதி சேர்த்துவிட்டு, ஃபோனை மேசையில் சத்தமாக வைத்தான். முதல் ஸ்வரம் வந்ததும் நிறுத்தினான். கிட்டாரில் நாங்கள் எப்போதும் வாசிக்கிற இடத்தை, முதல் ஃபிரெட்டை, அமுக்கி மீட்டினான். ஃபோனில் வந்தது கீழே, கிட்டாரில் வந்தது மேலே. ஒட்டவே இல்லை. விரலை எடுத்துவிட்டு வெறும் தந்தியை மீட்டினான். ஃபோனும் கிட்டாரும் ஒன்றாகப் போய் உட்கார்ந்தன.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"ஏட்டி," என்றான் மெதுவாக. "கிட்டாரக் கேக்கதும் ஃபோனக் கேக்கதும் ஒரே காதுதானே? காதுல கோளாறுன்னா ரெண்டும்லா சேந்து இறங்கணும்?"

கணக்கு டீச்சர் நான். இந்தச் சின்னக் கணக்கு எனக்கு ஏன் ஓடவில்லை? பயந்தவளுக்குப் புத்தி எங்கே வேலை செய்கிறது! "அப்போ நாமதான் தப்பா வாசிச்சோமா? இத்தனை வருஷமா?" என்றேன்.

அண்ணன் அதற்குள் ஃபோனை எடுத்துக் கடையநல்லூர்க்காரரைக் கூப்பிட்டுவிட்டான். அவரும் சவூதியில் பல வருஷம் இருந்துவிட்டுத் திரும்பி, இப்போது ஜவுளி வியாபாரம் பார்க்கிறார். அண்ணன் விஷயத்தைச் சொல்லி, ஸ்பீக்கரில் போட்டான். அந்தப் பக்கம் ஒரு பெரிய சிரிப்பு.

"மாப்பிள, அந்த செட்டு வேகமாலா ஓடும்! நான் சொல்லலையா?"

"சொல்லலையே, பாவி!"

"அல்லாஹ்வே! அது அத்தாவுக்காகத் திருகி வச்சதுப்பா."

அவர் சொன்னது இதுதான். அந்தக் காலத்தில் சவூதியில் இருந்தவர்கள் கடிதம் எழுதுவதற்குப் பதிலாகக் கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். அவருடைய அத்தா பேசி அனுப்புகிற செட்டு அங்கே ஏதோ கோளாறில் வேகமாக ஓடியிருக்கிறது. அதனால் அந்தக் கேசட்டை இங்கே போட்டால் குரல் கெட்டியாக, இழுத்து இழுத்து, யாரோ மாதிரி வரும். "அம்மா அழும், தங்கச்சி. இது உங்க அத்தா குரலே இல்லைன்னு சொல்லும். நான்தான் செட்டக் கழட்டி, மோட்டாருக்குப் பின்னால ஒரு திருகாணி இருக்கும், அதத் திருகினேன். எனக்கு அத்தா குரலு சரியா ஞாபகங்கூட இல்ல. அம்மாதான் பக்கத்துல இருந்து, இன்னுங் கொஞ்சம், இன்னுங் கொஞ்சம்னு சொல்லிச்சு. சரியா வந்ததும் போதும்னு கைய நீட்டி என் கையப் பிடிச்சிருச்சு. அதோட அந்தத் திருகாணிய யாரும் தொடல."

அந்த செட்டில்தான் நாங்கள் ஆல்பத்தைக் கேட்டிருக்கிறோம். ஒரு மனுஷரின் குரல் சரியாக வருவதற்காக வைத்த வேகத்தில், அந்த வெள்ளைக்காரனின் கிட்டார் ஒரு ஃபிரெட் மேலேறி, ஓட்டமாக ஓடியிருக்கிறது. வெறும் தந்தியில் சும்மா தட்டிவிட்டுப் போகவேண்டியதை நாங்கள் விரலைக் குறுக்கே போட்டு நசுக்கியிருக்கிறோம். கடைசி ஃபிரெட்டில் நிம்மதியாக முடிகிற ஸ்வரத்துக்கு நான் தந்தி அறுந்து கன்னத்தைக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். அந்த ஆள் வாசித்ததைவிட வேகமாக வாசித்திருக்கிறேன். அது தெரியாமல், இன்னும் அவனை எட்டவில்லை என்று ஏங்கியிருக்கிறேன்.

"உங்க அத்தாவால எங்க உயிரே போச்சு பாய்" என்றேன். அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நானும் சிரித்தேன். காது இருக்கிறது. ஒரு காது எனக்குச் சுத்தமாக இருக்கிறது. திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் யாரோ ஃபோனில் கத்திக்கொண்டு வந்ததைக்கூட ஆசையாகக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

மறுபடி டாக்டரைப் பார்க்கும் நாளில் வீட்டுக்காரரும் வந்தார். ஒரு காது பிழைத்த தெம்பு இருந்தாலும், மற்றது வருமா வராதா என்பது மிச்சம் இருந்தது. கூண்டுக்குள் கட்டைவிரலைப் பட்டனில் வைத்துக்கொண்டு, வலது காதுக்குள் எதையாவது பிடித்துவிட மாட்டோமா என்று உடம்பு முழுவதையும் கூர்மையாக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த ஙொய் இரைச்சல் மட்டும்தான் இருந்தது. இல்லாத சத்தத்துக்கு ஒருதடவை அழுத்தியும் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் என்னைப் பார்த்து வேண்டாம் என்பது போல மெல்லத் தலையசைத்தாள்.

டாக்டர் கிராஃபை மேசையில் விரித்தார். இடது காது நேர்கோடாக மேலே ஓடியது. வலது காது கீழே கிடந்தது. "இது இனிமே வராதும்மா" என்றார். எதிர்பார்த்ததுதான். என் பின்னால் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரரிடம் டாக்டர், "வீட்ல இவங்களுக்கு இடது பக்கமா நின்னு பேசுங்க சார்" என்றார், கிராஃபைப் பார்த்தபடியே. பதில் வரவில்லை. "சார்?" என்றார், அப்போதும் நிமிராமல். பதில் இல்லை. எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. டாக்டரிடமுமா இந்தக் கல்லுத்தனம்? திரும்பி வாயைத் திறக்கப் போனேன். டாக்டர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். அவர் இப்போது நிமிர்ந்து வீட்டுக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார் என்ன தொழில்?"

இப்போது டாக்டரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் உடனே பதில் வந்தது. "விசைத்தறிங்க."

"இவரையும் ஒருதடவை உட்காரவைங்க" என்றார் டாக்டர், அந்தப் பெண்ணிடம்.

கண்ணாடி வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, பரீட்சைக்கு வந்த பையன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முதலில் கட்டைவிரல் அழுத்தியது. அந்தப் பெண் சத்தத்தின் சுருதியை ஏற்றிக்கொண்டே போனாள். கட்டைவிரல் நின்றுவிட்டது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இடது காது, வலது காது, இரண்டும் அப்படியே. அவள் குமிழைத் திருகிக்கொண்டே இருந்தாள். அவர் கை அசையவே இல்லை.

கீழ்ச் சத்தம் எல்லாம் கேட்கிறது, மேலே போகப் போக இரண்டு காதிலும் ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். தறிச் சத்தத்தில் பல வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கும். குக்கர் விசில், குருவிச் சத்தம், இதெல்லாம் அவருக்குக் கேட்காது. பின்னால் இருந்து மெதுவாகப் பேசினால் தெரியாது. உதட்டைப் பார்த்துத்தான் பாதியைப் புரிந்துகொள்கிறார். காதுக்கு மிஷின் வைக்கலாம், இனிமேலாவது தறிக்கூடத்தில் காதை அடைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார்.

நான் அவரைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்தோம். என் ஒற்றைக் காதுக்காக நான் அழுத அழுகை என்ன, பண்ணின ஆர்ப்பாட்டம் என்ன! பக்கத்திலேயே ஒரு மனுஷன் ஒரு சத்தம் போடாமல் இழந்துகொண்டே இருந்திருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கமும் கோபமாகத்தான் வெளியே வந்தது.

"ஏன் சொல்லல?" என்றேன், அவர் முகத்துக்கு நேராக.

"தறிக்காரனுக்கு இது உள்ளதுதானே."

"அப்போ நான் கிட்டார் வாசிக்கது?"

அவர் யோசித்தார். "கீழ இருக்கது கேக்கும். நீ மேல போயிட்டேன்னா கேக்காது. உன் விரலப் பாத்துக்கிட்டு இருப்பேன். அது ஓடுத வேகத்தப் பாத்து, இப்போ என்னமோ பெருசா வருதுன்னு நினைச்சுக்கிடுவேன்."

கிறிஸ்துமஸ் தோறும் நான் அந்த உச்சியை எட்டும்போது எல்லாரையும்விட முதலில் கை தட்டுகிறவர் அவர்தான்.

"இத்தன வருஷமா நான் உங்களத் திட்டினதெல்லாம்?"

"அது நல்லாக் கேட்டுச்சு" என்றார்.

அடுத்த வாரம் எங்கள் பகுதியில் ஒரு நாள் மின்சாரத்தை நிறுத்தினார்கள். தெருவில் எந்தத் தறியும் ஓடவில்லை. மத்தியானம் அவர் சாப்பிட்டுவிட்டு எழுந்ததும், "இருங்க" என்று அவர் முன்னால் போய் நின்று சொன்னேன். ஸ்டூலைப் போட்டு ஏறி, பீரோ மேல் இருந்து கிட்டாரை இறக்கினேன். தூசியைத் துடைத்தேன். ஒரு காதை வைத்துச் சுருதி சேர்க்க நேரம் பிடித்தது. மூன்றாவது உருப்படியை எடுத்துக்கொண்டேன். மேல் தந்திகள் பக்கமே போகவில்லை. கனத்த தந்திகளில், ஒரு ஸ்தாயி கீழே, வெறும் தந்தியில் இருந்து ஆரம்பித்து, அந்த வெள்ளைக்காரன் வாசித்த அதே நிதானத்தில் வாசித்தேன். உச்சி ஸ்வரம் வரவேண்டிய இடத்திலும் கீழேயே நின்றுகொண்டேன். பழக்கமில்லாத இடங்களில் விரல் தடுமாறியது. இரண்டு இடத்தில் தப்பு வந்தது. நிறுத்தவில்லை.

"இதா அது?" என்றார்.

ஆமாம் என்று தலையாட்டிவிட்டு மறுபடியும் முதலில் இருந்து ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து பார்த்தேன். அவர் என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, தெருவைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.